எர்த் கம்பி

பூட்டிய அன்றே ஃபியூஸைத் தின்றது.
லொறிக்கு இருபத்துநாலு வோல்ற், செற்றுக்குப் பன்னிரண்டு என்று
விற்றவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
சீற்றுக்கடியில் ஒரு நீலப் பொறி,
பிறகு நகம் எரிந்த மணம்.

முபீத் கிண்ணியாவிலிருந்து வந்தான்,
மீற்றரைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு.
ஆழ்கடல் வள்ளங்களுக்குச் செற் பூட்டுகிறவன்.
"தரையில ஓடுற ஒண்டுக்குப் பூட்டுறது
இதுதான் முதல்" என்றான்.
"ஐஸுக்குக் காது வேணும்" என்றேன்.

வேறென்ன சொல்ல?
கொட்பேயில் மூன்று மணிக்குப் போய் நின்றால்
வள்ளம் ஏழுக்கு வரும்.
ஏழுக்குப் போனால் மூன்றுக்கே வந்து
வேறொருத்தனின் ஐஸில் மீன் படுத்திருக்கும்.
இதற்கிடையில் என்னுடையது
பலகை இடுக்கால் ஒழுகி
டொக்யாட் வீதி நெடுக ஒரு கோடு கீறும்.
விடியற்புறம் அந்தக் கோட்டை
ரவுணுக்குள் திரிகிற மான்கள் நக்கும்.
என் காசைத்தான் நக்குகின்றன.

வோல்ற்றைப் பாதியாக்குகிற பெட்டி ஒன்றை மாட்டினான்.
கூரையில் அன்ரனாவை நிமிர்த்தினான்.
மீற்றர் ஊசி மூன்றைத் தாண்டி நின்று நடுங்கியது.
"நாம அனுப்புறது வெளிய போகல்ல,
திரும்பி நம்மட செற்றுக்கே வருது.
இப்படியே பேசினா
தன்ட சத்தத்துலயே செத்துப்போகும்."

அப்படி ஆட்களை எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

"பெயின்றைச் சுரண்டணும்.
எர்த் தகரத்தைத்தான் பிடிக்கும்,
நிறத்தைப் பிடிக்காது."

மஞ்சள் உதிர்ந்தது. அது என் மஞ்சள்,
ஆடி அமாவாசைக்கு முதல் கிழமை அடித்தது.
கீழே நீலம். கந்தளாயில் நெல் ஏற்றியவனுடையது.
அதற்குக் கீழே
ஒரு பச்சை.
பளபளப்பில்லாத, மண் கலந்த,
எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த பச்சை.

ஸ்குரூட்றைவர் நின்றது.
ஸ்ரேசன் பக்கம் எஞ்சின் ஒன்று ஊதிவிட்டு ஓய்ந்தது.

ஏலத்தில் எடுத்தவனிடம் வாங்கியவனிடம்
நான் வாங்கிய லொறி.
ஒரு காலத்தில் இரண்டே இரண்டு ரோச் பற்றறிக்காக
மூதூர் இறங்குதுறையில் என்னைக் குந்தவைத்தார்கள்,
நிழல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்வரை.
முபீத்துக்கும் ஏதாவது ஒன்று இருக்கும்.
கேட்கவில்லை.
அவன் குனிந்து ஒருதரம் ஊதினான்.
தூள் என் முகத்தில் பட்டது.
திரும்பவும் சுரண்டத் தொடங்கினான்.

பச்சைக்குக் கீழே செங்காவிப் பூச்சு,
அதற்கும் கீழே தகரம்,
இப்போதுதான் பிடித்த சூரையின் வயிறு மாதிரி.
கம்பியை முறுக்கி, வொஷர் போட்டு இறுக்கினான்.
ஊசி ஒன்றரைக்கு இறங்கி
உட்கார்ந்துகொண்டது.

இரவு அலஸ்தோட்டக் கரையில்
எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்தேன்.
முதலில் மழை. நனைக்காத மழை.
பிறகு ஒரு சிங்களக் குரல் பலயா விலையைத் திட்டியது.
பிறகு யாரோ வாயில் சோற்றோடு பேசினான்.
பிறகு, மிகக் கிட்டத்தில்,
காதுக்குள் எச்சில் தெறிப்பதுபோல்:
"ஐஸ் முடிஞ்சுது.
கரையில ஆர் நிக்கிறது?"

மைக்கை எடுத்தேன்.
என்ன சொல்வது? பெயரையா? லொறி நம்பரையா?
இருட்டுக்குள்ளிருந்து "ஆர்?" என்று குரல் வந்தால்
மூச்சைப் பிடித்துக் குப்புறக் கிடக்கத்தான்
இந்த உடம்பைப் பழக்கி வைத்திருந்தேன்.

"ஆராவது நிக்கிறீங்களோ?"

அமுக்கினேன்.
"ஐஸ்" என்றேன். தொண்டை கட்டியது.
"மஞ்சள் லொறி. நிக்கிறன்."

கையை எடுக்க மறந்துபோனேன்.
பொத்தானை விட்டால்தான் மற்றவன் பதில் வரும் என்று
முபீத் இரண்டு தரம் சொல்லித் தந்தது
பெருவிரலுக்கு ஞாபகம் வர
கொஞ்ச நேரம் பிடித்தது.