‘ஆல்’ சேர்த்து எழுதுக

களியல் பள்ளி, நாலாம் வகுப்பு, பதினேழு நோட்டுகள்.
இரண்டு சிறு வாக்கியம் தந்து
ஒன்றாக்கச் சொல்லியிருந்தேன்.

‘மழை பெய்தது. குடை பிடித்தேன்’ என்பதில்
நடுவிலிருந்த முற்றுப்புள்ளியை மட்டும்
எச்சில் தொட்டு அழித்திருக்கிறான் ஷாஜின்.
கேட்டால், “ஒட்டியாச்சே டீச்சரே.”
விபின் எழுதும் துணைக்கால் எல்லாம் ரகரம்:
பால் வெட்டப் போனவர்
பரல் வெட்டப் போய்விட்டார்.
ரென்ஷியா புள்ளிகளைக் கடைசியில் மொத்தமாக வைப்பாள்,
குழம்பை இறக்கியபின் உப்புப் போடுகிற மாதிரி.

ஒரு வாரமாகத் தொண்டை வற்றச் சொன்னது இதுதான்:
இரட்டைக் கோட்டுக்குள் நில்லுங்கள்.
கொம்பு கொம்பாக இருக்கட்டும், சுழி சுழியாக.
துணைத்தொடர் தனியாக நிற்காது, சாய ஒரு இடம் வேண்டும்.
‘பெய்தால்’ என்று விட்டுவிட்டால்
வாசிக்கிறவன் ஒற்றைக்காலில் நிற்பான், பாவம்;
முற்று கொடுத்து அவனை உட்காரவையுங்கள்.
இன்னொன்றும் சொல்லித் தொலைத்தேன்:
சொந்தமாக யோசித்து எழுதுங்கள்.

ஜெர்லின் அபிஷாவின் எழுத்து
ஒட்டுபால் மாதிரி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.
இன்றைக்கு அப்படியில்லை.
அழித்து அழித்துத் தாள் மெலிந்த இடத்தில்:

மழை பெய்தால் எனக்க அப்பாவுக்கு வெட்டு கிடையாது.
வெட்டு இல்லாவிட்டால் அப்பா வீட்டில் இருப்பார்.
அப்பா வீட்டில் இருந்தால்
நானும் அம்மாவும் ரோலர் ஷெட்டில் இருப்போம்.

‘எனக்க’வை அடித்து ‘என்’ என்று எழுதினேன்.
அதற்குமேல் சிவப்பு மைக்கு வேலையில்லை.
புள்ளிகள் எல்லாம் தலைக்குமேலேயே இருந்தன.
ழகரத்தின் வால் கோட்டைத் தாண்டவில்லை.
அந்த ஷெட்டை எனக்குத் தெரியும்,
மூன்று பக்கம் சுவர் கிடையாது,
ஆசிட் வாடை கண்ணைக் கரிக்கும்.
தெளிவாக எழுதச் சொன்னவள் நான்.
வாசிக்க முடியவில்லை என்று
இனி எப்படிச் சொல்ல?

சரி போட்டேன்.
இத்தனை கோணலாக ஒரு சரி
என் கையில் வந்ததில்லை.

மத்தியானத்துக்குமேல்
பேச்சிப்பாறைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
தகரக் கூரையில் நாலைந்து சொட்டு.
அடுத்த பாடம் ‘ஆலும்’.
பலகையில் ‘மழை பெய்தாலும்’ என்று எழுதிவிட்டு
முடிக்கச் சொன்னேன்.
பத்துப் பன்னிரண்டு கைகள்.
ஜெர்லின் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.
முனை ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.