ஒரு மீட்டர் தொண்ணூற்று நாலு

ஞாயிறு மத்தியானம், பேர்க்டோர்ஃப்.
ரேட்டோ தன் கராஜ் கதவைப் பாதிதான் திறந்திருக்கிறான்.
இன்னொருமுறை எஞ்சினைக் கிளப்பினால்
எதிர்வீட்டுக்காரி பொலிசுக்கு அடிப்பாள்.
ஆகவே வாய்மூடிக் கிடக்கும் இரண்டு கார்களை
வலம் வருகிறோம், செருப்போடு.

வைப்பர்: பத்துச் சிலிண்டர், எட்டு லீட்டருக்கும் மேல்.
"எங்கட பால்சட்டியே மூன்றுதான்" என்கிறான் சுகிர்தன்.
கொர்வெட்: ஏழு லீட்டர், அடியில் இலைவில்.
"லொறிக்குப் போடுற சாமான்" என்றேன்.
ரேட்டோ என்னை
அவன் தாயைத் திட்டியவனைப்போலப் பார்த்தான்.

காப்புறுதி, கன்டோன் வரி, நாலு டயர்.
ரசீதின் முதுகில் கூட்டிக்கொண்டே போனோம்,
பிறகு கூட்டுவதை விட்டுவிட்டோம்.

வைப்பரில் இருந்து இறங்கும்போது
பக்கக் குழாயில் கெண்டைக்கால் பட்டது.
சுர்.
நான் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு கேட்டேன், அகலம் எவ்வளவு?
"ஒரு மீட்டர் தொண்ணூற்று நாலு.
கண்ணாடி சேர்க்காமல்."
எங்கள் நிலவறைத் தரிப்பிடத்தில்
ஒரு பக்கம் தூண், மறுபக்கம் திருமதி ஏபியின் ஷ்கோடா.
விட்டால் விடலாம்,
இறங்க முடியாது.

இந்த நாட்டில் எதற்கும் வாக்கெடுப்பு.
கை தூக்கினோம்:
இரண்டுக்கு ஒன்று, கொர்வெட்.
இரண்டில் ஒரு கை என்னுடையது.

திங்கள் காலை, ஆறு பத்து பஸ்.
காற்சட்டையை மெல்ல உயர்த்திப் பார்க்கிறேன்,
ஐந்து பிராங்க் நாணயமளவு சிவப்பு,
இன்னும் சூடு.
ரேட்டோவுக்கு எழுதினேன்:
தூணை இடிக்க
யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?