கலம்

வெள்ளி இரவு ஒன்பதுக்கு அடைக்கு வைத்தது.
ஐம்பத்தைந்து மணித்தியாலம்.
விரல் மடித்தால் திங்கள் விடிய நாலு.
"இதயத்துக்கு லீவு இல்லை" என்கிறாள் உபேக்ஷா
கொட்டாவியோடு, தன் தமிழில்.

நாரஹேன்பிட்டியில் காகம் எழும்பாத நேரம்.
முட்டையின் முதுகில்
சட்டைப் பொத்தானளவு ஜன்னல் வெட்டுகிறேன்.
வெட்டிப்போட்ட நகத்துண்டுபோல் ஒரு வளைவு.
அது துடிக்கிறது.

மாளிகாவத்தை ஜௌபர் நானாவின் கருங்கோழி இட்டது.
"சண்டைக்கோ மருந்துக்கோ மிஸ்?" என்று கேட்டவர்,
இரண்டுமில்லை என்றதும் விலையைக் கூட்டினார்.

எங்கள் பாடப்புத்தகத்தில் செல்லுக்குப் பெயர் கலம்.
துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்பதும் கலம்.
சோதனையில் யாரும் இரண்டையும் குழப்பியதில்லை,
நான் இன்று குழப்புகிறேன்:
இந்தச் சில மணித்தியாலம்தான்
விந்தும் முட்டையும் ஆகப்போகிறவை
இரத்தத்தில் இறங்கி ஓடுகின்றன.
புறப்பட்ட இடம் தலைக்கு மேலே ஒரு பிறை.
போய்ச்சேரும் இடம்
இன்னும் கட்டி முடியவில்லை.

சுடரில் இழுத்த கண்ணாடி ஊசி.
மூச்சை நிறுத்தி எடுக்கிறேன்,
ஒரு நுளம்பு குடிப்பதிலும் கொஞ்சம் குறைவு.
நுணுக்குக்காட்டியின் கீழே
சிவப்புச் சனக்கூட்டத்துக்குள்
பருத்து, உருண்டு,
கட்டுச்சோறாய்க் கிளைக்கோசன் சுமந்து, அவை.
நான் நாற்பத்தொன்று எண்ணினேன்.
உபேக்ஷா முப்பத்தெட்டு.
சிறியதை எழுதினோம்.

பிறகு வெள்ளை லெகோன் முட்டை,
இன்னொரு பெருநாடி.
ஊதவேண்டும், ஊதாததுபோல.
ஒரு குமிழி போனாலும் நின்றுவிடும்.
பதினொரு சோடியில் நாலு நின்றன.
அவற்றைத்தான் முதலில் பதிந்தோம்.

வெள்ளவத்தை லொட்ஜில் இருந்த வருடம்
சந்திக்குச் சந்தி கேட்பார்கள்:
சொந்த இடம்? எதற்கு வந்தது? எப்போது போவது?
மூன்றுக்கும் என்னிடம் கடதாசி இருந்தது.
இவற்றிடம் ஒரு துண்டும் இல்லை.
அந்நிய இரத்தத்தில் சில சுற்று,
பிறகு இறங்குமிடத்தில் இறங்குகின்றன.
எல்லாமல்ல.
சில தலைக்குள் ஏறித் தொலைந்துபோகும்,
அதையும் யாரும் விசாரிப்பதில்லை.

ஜன்னலை ஒட்டினோம். பதினெட்டரை நாள்.
பிறகு மாதங்கள், தீவனக் கணக்கு,
இரண்டு தடவை கரண்ட் கட்.
பதினேழாம் வளையச் சேவல்
பால்வெள்ளையாய் வளர்ந்து
என் சப்பாத்து நாடாவைக் கொத்தியது.
கறுத்தப் பேடுகளோடு விட்டோம்.
மஞ்சள் குஞ்சு, மஞ்சள், மஞ்சள்,
இருநூற்றுப் பன்னிரண்டில்
மூன்று கரிக்கட்டை.

பதிவேட்டில் "தகப்பன்" என்றொரு கட்டம்.
உபேக்ஷா பதினேழு என்று எழுதி, வெட்டினாள்.
தகப்பன் அந்த நகத்துண்டு.
ஐம்பத்தைந்து மணித்தியாலம் இருந்தது.
ஓடு உடைக்கவில்லை, ஒருநாளும் கூவவில்லை.
கட்டத்துக்குள் அது அடங்காது.

ஜௌபர் நானாவுக்குப் போன் எடுத்தேன்.
"பேரப்பிள்ளைகள் மூன்று நானா."
"எனக்கா, கோழிக்கா?"
பின்னால்
கடைப் பலகையில் கத்தி விழும் சத்தம்.
"கொஞ்சம் இருங்க மிஸ்,
ஆள் நிக்குது."