பழுது, பாதி விலை

போன மாதம் ஒரு புதன். சந்தை நாள்.
மணிக்கூண்டின் அடியில் வாத்துமுட்டைக்காரி
இன்னும் குடையை விரித்திருக்கவில்லை.
கம்பியின் இரு முனையையும் பிடித்து
எம்ரிஸ் பெப்பின் இருபத்தாறு கிலோ சீஸ் வட்டை
நடுவில் அறுத்தேன்.

உள்ளே நீலம்.

கொழுப்பு பூசிய துணி ஓரிடத்தில் விட்டுப்போய்
மயிரிழை வெடிப்பு.
அதன் வழியே நுழைந்த காற்று
பதினான்கு மாதம் வாடகை தராமல்
குடியிருந்திருக்கிறது.
கிளைகிளையாய், ஆற்றின் வரைபடம் போல
பூசணம் பூத்திருந்தது.

எம்ரிஸ் போனை எடுக்கவில்லை.
பலகையில் அவர் பெயருக்குக் கீழே
சாக்கட்டியால் எழுதினேன்:
பழுது, பாதி விலை.

தபால்காரருக்குக் கத்தி நுனியில் ஒரு சீவல் நீட்டினேன்.
மென்றார். பையைத் தரையில் வைத்தார்.
இன்னொரு சீவல் கேட்டார்.
பல் டாக்டர் அரைக் கிலோ.
மிஸஸ் டான்ஸ்லி,
ஏழு வருடமாக ருசி மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்,
பர்ஸைத் திறந்தார்.
அந்தக் கொக்கியின் சத்தத்தை
அன்றுதான் கேட்டேன்.

பதினொன்றரைக்கு எம்ரிஸ் வந்தார்.
சேற்று பூட்ஸை வாசலில் விட்டு, வெறும் சாக்ஸோடு.
பலகையைப் படித்தார். காது சிவந்தது.
"என் பேரை அழி."
அழித்தேன்.
"யாருடைய சீஸ் இது?" என்றது வரிசை.
மிஸஸ் டான்ஸ்லி சொல்லிவிட்டார்,
பண்ணைக்குத் திரும்ப வேண்டிய பாலத்தோடு சேர்த்து.

மிச்சம் ஒரு கை அகலம்.
கத்தியை என்னிடமிருந்து வாங்கினார்.
தோலை விட்டு, நீலம் அடர்ந்த இடமாகப் பார்த்து
வெட்டி வாயில் போட்டார்.
குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
"உப்பு சரியாத்தான் இருக்கு,"
என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த புதன் ஆறு பேர்.
அதற்கடுத்தது பதினொன்று.
வெடிச்சது வந்திருக்கா?
போனில் கேட்டேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் ஒரு மாடுதான் பேசியது.
"ஏழு வட்டு இருக்கு," என்றார் கடைசியில்.
"எதுல இருக்குன்னு
அறுக்காம நான் எப்படிச் சொல்ல?"

இன்று காலை இரண்டை அறுத்தோம்.
முதலாவது, குறை சொல்ல முடியாத
வெண்ணெய் மஞ்சள்.
இரண்டாவதும்.
எட்டிப் பார்த்த வரிசையில் யாரோ
"ச்சே" என்றார்கள்.

முப்பது வருடமாக ஒரு வட்டிலும் ஓட்டை விழாமல்
துணி சுற்றிய மனிதர்
சாக்ஸ் கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி
எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.