பயன்படுத்திய கையுறை, ஒரு ஜோடி

வியாழக்கிழமை காலை கப்பல் வரும்.
அதற்கு முன்பே நான் வந்து கிருமிநாசினி கலக்குவேன்.
இளஞ்சிவப்பு நிறம்.
பிள்ளைகள் குடிக்கிற ஏதோ என்று நினைத்துக்கொள்ளும்.

செய்திஸ்பியோர்துரில் மூன்று பக்கமும் மலை
கைகட்டி நிற்கிறது.
நாலாவது பக்கம் கடல்.
அந்தப் பக்கத்துக்கு ஒரு மேஜை, ஒரு முத்திரை, நான்.

முதலில் கேரவன்கள்.
ஹனோவர் தம்பதியின் குளிர்பெட்டியில் தொத்திறைச்சி.
வெந்ததா, வேகாததா?
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்,
முப்பது வருடத் தாம்பத்தியத்தில்
இதை மட்டும் பேசாமல் விட்டவர்கள் போல.

பிறகு ஃபேரோ தீவுக்காரர்.
காற்றில் உலர்த்திய ஆட்டுத் தொடையைக்
கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்.
மகளுக்குக் கல்யாணமாம்.
பெர்க்தோரா நிறுத்துப் பார்த்தாள்: நாலே கால் கிலோ.
அவர் என்னைத் திட்டிய மொழி எனக்குப் பாதிதான் புரியும்.
பாதியே போதுமாக இருந்தது.

தூண்டில்கள், சேறு காய்ந்த பூட்ஸ்கள், ஒரு கிளிக்கூண்டு
(கிளி இல்லை, சத்தியமாக இல்லை என்றார்கள்,
குனிந்து பார்த்தேன், இல்லை).

கடைசியில், வண்டியில்லாமல், நடந்து வந்தாள் ஸ்டெய்ன்வோர்.

அவளை இங்கே தெரியாதவர் இல்லை.
ஜூலையில் அவளுடைய குதிரை விமானம் ஏறியது.
ஹ்ராப்டின்னா: எரிமலை கக்கிய கருங்கண்ணாடியின் பெயர்.
ஐங்கதியும் அறிந்த பெண்குதிரை.
அதன் நாலாம் கதியில் ஏறி அமர்ந்தவர் கையில்
விளிம்புவரை பால் ஊற்றிக் கொடுங்கள்,
நிறைகுடம்தான். தளும்பாது.

டென்மார்க்கில் வெள்ளி வாங்கினார்கள்.
வாங்கிய மறுநாள் விற்றாயிற்று.
விற்றாக வேண்டும்.
இந்தத் தீவை விட்டுப் போன குதிரை
இந்தத் தீவுக்குத் திரும்பக் கூடாது.
பழைய சட்டம். பதக்கத்துக்கும் விலக்கில்லை.
அது தெரிந்துதான் அவள் சேணம் பூட்டினாள்.

சேணம்?
அவளோடு கொடுத்துவிட்டேன்.
பூட்ஸ்?
அங்கேயே.
சாட்டை?
எனக்குச் சாட்டை கிடையாது.

பிறகு, நான் கேட்காமலே,
கோட்டுப் பையிலிருந்து கையுறைகளை எடுத்து வைத்தாள்.
தோல்.
உள்ளங்கையில் கடிவாளம் தேய்த்த பளபளப்பு.
தையலில் நாலைந்து கருமயிர்.

கழுவினால்?
துணியென்றால் கழுவலாம், ஸ்டெய்ன்வோர்.

அவள் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம்.
நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்:
ஒரு வசந்தத்தில் நாடு முழுக்கக் குதிரைகள் இருமின.
யாரோ கொண்டுவந்த பழைய கடிவாளத்தில்
ஏறி வந்த நோய் என்றார்கள்.
அப்போது நான் பயிற்சி மருத்துவர்.
பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காரோட்டிப் போனேன்.
வேலிக்கு வேலி தலை கவிழ்ந்து
மனிதர்களைப் போலவே இருமின.
ஆயிரம் வருடம் வெளிக்காற்று படாத நுரையீரல்.
அதற்கு மறுக்கத் தெரியாது.
அதற்காக மறுப்பது என் சம்பளம்.

தெரியும், என்றாள்.
அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒன்பது.

ரசீது எழுதினேன்.
பொருள்: பயன்படுத்திய கையுறை, தோல், ஒரு ஜோடி.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கோடு போட்டுவிடுங்கள் என்றாள்.
போட்டேன்.

அவள் திரும்பும்போதுதான் பார்த்தேன்,
கம்பளிச் சட்டைத் தோளில் ஒட்டிய
ஒற்றைக் கருமயிர்.
நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் தோளைக் காட்டி நின்றாள்,
ஊசி போட நிற்பவள் போல.

இடுக்கியால் எடுத்தேன்.
பையில் போட்டு வாயை ஒட்டினேன்.
சட்டையைத் துவைக்கச் சொன்னேன், அறுபது டிகிரியில்.
கம்பளி சுருங்கிவிடுமே என்றாள்.
ஆமாம் என்றேன்.

மாலையில் பெர்க்தோரா எரிஉலையைப் பற்றவைத்தாள்.
கல்யாண ஆட்டுத் தொடை, தொத்திறைச்சி, கையுறைகள்,
எல்லாம் ஒரே தணலில்.
வாசனை, சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

மேலே சரிவில்
எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு குதிரை
புகை வந்த திசைக்குக் காதைத் திருப்பியது.
பிறகு மேய்ந்தது,
இருமாமல்.