கார்கோ தராசு

மருத்துவமனைத் தராசு நூற்றைம்பதோடு
கோடு கோடாய்க் காட்டி நின்றுவிட்டது.
வேறெங்காவது நிறுத்துப் பார்த்து வாருங்கள் என்றாள்
டயட்டீஷியன் தாலியா.

ஃபஹாஹீலில் வேறெங்கே?
நவ்ஷாதின் கார்கோ கடை.
பால்மாவும் கம்பளியும் கட்டிய பெட்டிகள் நடுவே
செருப்பைக் கழற்றி ஏறினேன்.
நூற்று அறுபத்தேழு, நானூறு.
"கப்பலா, விமானமா?" என்றான்.
சிரித்தோம்.
அவன்தான் முதலில் நிறுத்தினான்.

டைப்பிங் சென்டரில் பதினோரு வருடம்.
யார் யார் படிவங்களையோ நிரப்புகிறேன்:
பிறந்த தேதி, கஃபீலின் பெயர்,
ஓர் எழுத்து பிசகாமல்.
தாலியா தந்த நோட்டில் மட்டும்
இரவு, இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய்.

ஒன்றேகாலுக்கு விழிப்பு வரும்.
பசியில்லை. பசியென்றால்
பேசித் தீர்த்திருப்பேன்.
ஈரானி ரொட்டிக் கடையில் ஆறு வாங்குவேன்.
வீட்டில் ஆறு பேர் என்று அவன் நினைக்கட்டுமென
போனைக் காதில் வைத்து
"இதோ வந்துட்டேன்" என்பேன்,
எதிர்முனையில் யாருமில்லாமல்.

மூடிய மீன் மார்க்கெட்டின் பின்னால்
விளக்கணைத்த கார்.
முதல் ரொட்டியில் ருசி தெரியும்.
இரண்டாவதில் சூடு.
மற்ற நான்கை யார் தின்றதென்று தெரியாது.
இருக்கையில் சிந்திய எள்ளைப் பொறுக்கும்போதுதான்
நான் திரும்பி வருவேன்.

பிரிசில்லா தூங்குகிறாள், அல்லது தூங்கவில்லை.
மெத்தை என் பக்கம் சரிய
அவளும் சரிந்து வந்து என்மேல் படுவாள்.
அணைப்பென்றே
இருவரும் வைத்துக்கொள்கிறோம்.

பிறகு நோன்பு மாதம்.
பகலில் தின்பவரெல்லாம் ஒளிந்து தின்னும் மாதம்.
ஸ்டோர் ரூமில், பிரிண்டர் அட்டைப்பெட்டிகளுக்கு இடையில்
கோவாக்காரர் ஃபெர்மினோ, வரவேற்பறை மேரிசெல், நான்.
கதவைச் சாத்தி, தொண்டையைத் தாழ்த்தி,
மெல்லும் சத்தம் வெளியே போகாமல்.
அவர்களுக்கு இது புதிது, கொஞ்சம் விளையாட்டு.
எனக்கோ
இந்த வேலையில் முதன்முதலாகத் துணை.

ஃபெர்மினோ தன் டப்பாவை நீட்டினார்.
"போதும்" என்றது ஒரு குரல்.
யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன்.

பெருநாள் முடிந்தது. கதவைத் திறந்துவைத்து,
சத்தமாய்ப் பேசிச் சாப்பிட்டார்கள்.
எனக்கு வேலை இருந்தது.

அன்றிரவும் ஒன்றேகால்.
திரும்பி வந்து, காரிலேயே
எள் ஒட்டிய விரலால் நோட்டைத் திறந்தேன்.
ரொட்டி, ஆறு.
இடம், கார்.
உடன் இருந்தவர், யாருமில்லை.

பிறர் படிவத்தைப் பார்ப்பதுபோல்
இன்னொரு முறை சரிபார்த்தேன்.
பிழையில்லை.