ஒரு கட்டுக்கு இருபத்தைந்து

முக்கூடலில் ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்
எட்டுக்குள் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
மூத்திரம் முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு
அசையாமல் படுக்க வேண்டும் அந்த மிஷினுக்கடியில்.
இடுப்பில் போட்ட மைக்கோடு அழியக் கூடாதாம்.
காயாத சிமென்ட்டைத் தாண்டுகிறவள் போல
அதை விலக்கி விலக்கிக் குளிக்கிறேன்.

இன்றைக்குப் பதினேழாவது கரண்டு.
இருபத்தைந்து ஆனால் ஒரு கட்டு.
எனக்குத் தெரிந்தது கட்டுக் கணக்குதான்;
பதினாலு வயதிலிருந்து இலை வெட்டி, தூள் வைத்து,
சுருட்டி, நூல் கட்டிய விரல்.

முதல் நாள் கேட்டதும் அதைத்தான்:
“புகையிலைத் தூளாலயா டாக்டர்?”
“வேர் அதுல்லம்மா. ஒரு கிருமி.
உறவுல தொத்தும். நிறையப் பேருக்குத் தானாப் போயிரும்.
சிலருக்குப் போகாம
கர்ப்பப்பை வாயில பத்து வருசம், இருவது வருசம் கிடக்கும்.”

எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது
என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதாம்.
என் நாத்தனாரால் முடிந்தது.
நான் நினைத்ததோ கொம்பையாவின் லாரியை,
அது பூனா போய்த் திரும்பாத மாதங்களை.
அவன் வாயைத் திறக்கவில்லை.
தண்ணீர் பாட்டிலோடு வராந்தாவில் நிற்கிறான்.
மிஷினுக்கடியில் கேட்க நினைத்ததையெல்லாம்
எழுந்து ஓடும் ஓட்டத்தில்
மூத்திரம் மறக்கடித்துவிடுகிறது.

மூன்று வருஷத்துக்கு முந்தி
பீடிக் கம்பெனி வாசலிலேயே முகாம்.
ஜெபக்கனி நர்ஸ் கூப்பிட்டாள்:
“வினிகர் தடவிப் பாப்போம்க்கா.
வெள்ளையாத் தெரிஞ்சா உறைய வச்சே சரிபண்ணிரலாம்.”
எனக்கு அன்றைக்கு இருநூறு பீடி குறைவு.
அடுத்த தடவை பாப்போம் என்றேன்.

அடுத்த தடவை வந்தது ரத்தம்.

செவ்வாய்தோறும் நரம்பில் மருந்து,
புதன்தோறும் வாயெல்லாம் இரும்பு.
கட்டு முடிந்த பின்னால்
உள்ளேயே வைக்கும் கதிர் மூன்று தரம்.
மேலப்பாளையம் மைதீன் பாத்து
முடித்துவிட்டு வந்தவள், காதோரம் சொன்னாள்:
“வலிச்சா வெக்கப்படாம ஊசி கேளுங்க.”

போன சனிக்கிழமை
கம்பெனிக்கு மறுபடி ஜெபக்கனி வந்தாள்.
எல்லாருக்கும் தலை குனிந்தே இருந்தது.
முப்பிடாதிக்கு முப்பத்தாறு வயசு,
மூன்று பிள்ளை, மடியில் அரைகுறைத் தட்டு.
பேசாமல் அதை எடுத்து
என் மடியில் வைத்துக்கொண்டேன்.
“குறையாது. போயிட்டு வா.”

அவள் திரும்புவதற்குள் இருபத்திரண்டு சுற்றியிருந்தேன்.
இரண்டு கழிவு.
கை நடுங்கிவிட்டது.